நான்கு துண்டா, எட்டுத் துண்டா?

போன மாதம் என் பழைய அலுவலகத் தோழரின் மகள் தேவி தொலைபேசியில் கூப்பிட்டாள். கோலாலம்பூரில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை.

"அங்கிள், எட்டு டிஸ்க்க ஒண்ணாச் சேத்துப் போடப் போறோம். ஸ்ட்ரைப் சைஸ் எவ்ளோ வைக்கலாம், கிளஸ்டர் எவ்ளோ வைக்கலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க லா. நீங்க அந்தக் காலத்துலயே இதெல்லாம் செஞ்சிருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அடக்கமாவது மண்ணாவது! நிஜமாகவே தெரியாது. முப்பது வருஷம் கணினி அறையில் குப்பை கொட்டினேன். இந்த ஒரு விஷயத்தில் ஒரே ஒரு முறை நானாக ஒரு முடிவெடுத்தேன். நான்கு என்றிருந்த எண்ணை எட்டு என்று மாற்றினேன். அந்தக் குளறுபடியில் ஒரு பெண் தன் தகப்பன் யார் என்று என்னிடம் வந்து கேட்கும்படி ஆகிவிட்டது. என்ன பதில் சரியான பதில் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி முடிந்ததும் ஈப்போவில் ஆறு மாதம், கணினி வாசிப்பதற்கான அட்டைக் கார்டில் துளையிடும் வகுப்புக்குப் போனேன். எழுபதுகளின் நடுவில், பல தோட்டங்களின் ஆள் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார் கையால் எழுதிய பழைய பதிவேடுகள் மூட்டை மூட்டையாக வரும். பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தகப்பன் பிறந்த ஊர். வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, அந்த வரியைக் கார்டில் அடித்துவிட்டு, கோலை ஒரு வரி இறக்க வேண்டும். மூன்று வருஷம் கோலை இறக்கியதுதான் என் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்தப் பதிவேடுகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. கையில் சிவப்பு அடையாளக் கார்டு இருக்கும். அதாவது இங்கே இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. நீலக் கார்டு கேட்டுப் போனால், "இங்கே பிறந்ததற்கு என்ன சாட்சி? தகப்பன் எங்கே பிறந்தவர்?" என்று கேட்பார்கள். எங்கள் நிறுவனம் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கும் சூராட் என்ற கடிதம்தான் பலருக்கு ஒரே சாட்சி. அந்தக் கடிதத்தை மார்போடு அணைத்து எடுத்துப் போவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கார்டுகள் போய்க் கணினி வந்தது. இரண்டு டிஸ்க் பெட்டிகள், ஒவ்வொன்றும் துணி துவைக்கும் மெஷின் அளவு. அதனோடு எங்கள் மேலதிகாரியாகக் கனகரத்தினம் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தைப்பிங்கில் பிறந்தவர். வெள்ளைச் சட்டை, பிளேடால் சீவிய பென்சில், தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். எதைக் கேட்டாலும் முதலில் நோட்டைத் திறப்பார். காலை வணக்கம் சொன்னால்கூட எழுதி வைத்துக்கொள்வாரோ என்று நாங்கள் கேலி பேசுவோம். எல்லாரையும் 'நீர்' என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அதுதான் எங்களுக்குப் பயம்.

ஒரு ஆளைத் தேடி எடுக்க ஒரு டிஸ்க் திணறியது. அதனால் கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் பிரித்துப் போடுவது என்று அவர் முடிவு செய்தார். சீட்டாட்டத்தில் இருவருக்குச் சீட்டுப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உனக்கு நான்கு, எனக்கு நான்கு, மறுபடி உனக்கு நான்கு. அந்த நான்குதான் ஸ்ட்ரைப் சைஸ். நாங்கள் துண்டு என்போம். திரும்ப எடுக்கும்போது இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்வதால் சீக்கிரம் முடியும். எத்தனை சீட்டு ஒரு போடுக்கு என்பதுதான் கேள்வி. ஒன்றா, இரண்டா, நான்கா, எட்டா, பதினாறா?

இதற்காக அவர் இரண்டு வாரம் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பயன்படுத்துகிற கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று முறை ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்து முடிகிற நேரம் இடைவெளி. துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் இரண்டு டிஸ்க்கும் இங்குமங்கும் ஓடி அலுத்துப்போகும். ரொம்பப் பெரியதாக இருந்தால் ஒன்று உழைக்க மற்றது சும்மா கிடக்கும். கடைசியில் நான்கும் எட்டும் சரிக்குச் சரி நின்றன. நீண்ட பட்டியல் அடிக்க எட்டு வேகம். ஒரே ஒரு ஆளைத் தேட நான்கு வேகம்.

"எட்டே வைக்கலாமே சார்" என்றேன்.

"எங்களிட்ட வாறது தனி ஆக்கள், காணும். பட்டியல் வருசத்துக்கு ஒருக்காத்தான். வாசல்ல நிக்கிற ஆளைப் பாக்க வேணும்."

டிஸ்க்கில் இடம் ஒதுக்கப்படுவதும் கொத்துக் கொத்தாகத்தான். அந்தக் கொத்தையும், அதாவது கிளஸ்டரையும், நான்காகவே வைத்தார். கொத்து பெரியதானால் சின்னத் தோட்டங்களின் கோப்புகளில் பாதி இடம் வெறுமனே கிடக்கும் என்றார். துண்டும் நான்கு, கொத்தும் நான்கு. நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடிக்கோடிட்டார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். எட்டு என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை.

அந்த அமைப்பில் ஒரு சங்கதி உண்டு. ஒரு சீட்டில் நான்கு பேர், ஆக நான்கு சீட்டுள்ள ஒரு துண்டில் பதினாறு பேரின் விவரம் அடங்கும். ஆனால் கோப்பின் தலையில் தோட்டத்தின் பெயர் எழுத அரை ஆள் அளவு இடம் பிடித்துக்கொண்டோம். அதனால் எல்லாம் அரை ஆள் தள்ளிப்போனது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் யாரோ ஒருவர் இரண்டாக வெட்டுப்படுவார். அவர் பெயரும் பிறந்த நாளும் ஒரு டிஸ்க்கில், தகப்பன் விவரம் அடுத்த டிஸ்க்கில். சரியான வரிசையில் வாசிக்கும்வரை இது யாருக்கும் தெரியவே தெரியாது.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, கனகரத்தினம் தம் மகளின் கல்யாணத்துக்காக மூன்று வாரம் சிரம்பானுக்குப் போனார். அதே நேரம் செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்று கைமாறியது. வீடமைப்புக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். தொழிலாளர் வீட்டு வரிசைகளை, அதாவது லயங்களை, இடிக்கப் போகிறார்கள். நீலக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மலிவு வீடு, மற்றவர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. அங்கே பதிவான அறுநூறு பேருக்கும் பட்டியல், கேட்டவர்களுக்கெல்லாம் கடிதம் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

நீண்ட பட்டியல்! எனக்கு வேறென்ன வேண்டும்? கோப்பை முழுதாகக் காந்த நாடாவில் நகல் எடுத்தேன். எண்ணை எட்டாக்கினேன். நாடாவிலிருந்து திரும்ப டிஸ்க்கில் இறக்கினேன். முறைப்படிதான் செய்தேன். ஆனால் அந்த எண் வாசிக்கிற புரோகிராமில் ஒரு இடத்திலும் எழுதுகிற புரோகிராமில் இன்னொரு இடத்திலும் இருந்தது. நான் மாற்றியது வாசிக்கிறதை மட்டும். ஆக, நான்கு நான்காகப் போட்ட சீட்டை எட்டு எட்டாக எடுக்க ஆரம்பித்தது மெஷின்.

பட்டியல் பறந்தது. சரிபார்த்தேன், சத்தியமாகச் சரிபார்த்தேன். எப்படி? தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி கிராணி தலை எண்ணுவாரே, அப்படி. எண்ணிக்கை சரியாக வந்தால் பெரட்டு முடிந்தது. யார் தலை யார் உடம்பில் இருக்கிறது என்று எந்தக் கிராணி பார்த்தார்? அறுநூற்றுச் சொச்சம் இருக்க வேண்டும், அத்தனையும் இருந்தன. அந்தக் களத்தில் வளர்ந்த புத்தி எனக்கு. கடிதங்களை அடித்து அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் முதல் ஆள் வந்தார். அவருடைய கடிதத்தில் தகப்பன் என்று போட்டிருந்தது பக்கத்து லயத்து மனிதரின் பெயர், அதுவும் இவரைவிட இளையவர். "என்னாப்பா, எனக்குத் தம்பி மொறை ஆவறவன் எனக்கு அப்பனா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் இரண்டு பேர். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டில் தவறா, நாடாவில் தவறா, மெஷினில் பேய் புகுந்துவிட்டதா என்று ஒன்றும் புரியவில்லை. பதினைந்து பேர் சரியாக இருப்பார்கள், பதினாறாவது ஆள் மாறியிருப்பார், சில இடங்களில் அவரும் சரியாக இருப்பார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லவா மச்சான்?" என்று கேட்டான் கூட வேலை செய்தவன்.

கடைசியில் அந்த எட்டு நினைவுக்கு வந்தது. என் வேலைதான்! அப்போதுதான் அஞ்சலை வந்தார்.

முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பால்வெட்டு வேலை. வெட்டுக்காட்டிலிருந்து நேராக பஸ் ஏறி வந்திருக்கிறார் போல. கடிதத்தை மேசையில் போட்டார்.

"அண்ணே, யாருண்ணே இந்தக் காத்தான்?"

கடிதத்தில், அஞ்சலை, தகப்பன் பெயர் காத்தான், பிறந்த ஊர் கோப்பெங் என்று இருந்தது.

"எங்கப்பாரு பேரு ராமையா லா. ஆத்தூர்ப் பக்கத்துலேருந்து கப்பல்ல வந்தவரு. உசுரோட வீட்டுல ஒக்காந்திருக்காரு. இந்தக் காத்தான் எங்க லயத்துலயே நாலு வூடு தள்ளி இருந்த ஆளு. செத்துட்டாரு. இந்தக் கடுதாசிய எங்க மாமியா படிக்கச் சொல்லிக் கேட்டு, இப்ப பைப்படியில ஊரே பேசுது. எங்கம்மாவும் செத்துப் போச்சு. அது வந்து பதில் சொல்லுமா?" என்றவர் அழுதுவிட்டார்.

நான் அடித்த கடிதம். "அக்கா, அழாதீங்கக்கா. இது மெசின் கோளாறு. நான்தான் ஒரு நம்பர மாத்திட்டேன். உங்களை மாதிரி பல பேருக்கு இப்படி ஆயிருச்சு. ரெண்டு வாரத்துல ராமையான்னு போட்டு வேற கடுதாசி தாரேன். பைப்படியில போய் தைரியமாச் சொல்லுங்க" என்றேன். சரிபார்க்கவில்லை. மற்ற மூவருக்கும் நடந்ததுதானே இவருக்கும் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என் கையில் சுடுகிறது.

கனகரத்தினம் திரும்பி வந்தார். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஏன் மாத்தினனீர்?"

"வேகமா முடிக்கலாம்னு..."

"முடிஞ்சுதோ?" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். அவ்வளவுதான் திட்டு. பென்சிலைச் சீவினார். பழையபடி நான்கை வைத்துக் கோப்பைச் சரிசெய்தோம். பிறகு வெட்டுப்பட்டவர் யார் யார் என்று நோட்டில் கணக்குப் போட்டு ஒவ்வொருவராக அடையாளம் கண்டார். இருபத்தெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் புதுக் கடிதம், அவர் கையாலேயே ஒரு மன்னிப்பு வரி.

இருபத்தெட்டில் அஞ்சலை இல்லை.

மூன்று முறை பார்த்தேன். அவர் பெயர் ஒரு துண்டின் நடுவில், ஐந்தாவது ஆளாக இருந்தது. தலையும் உடலும் ஒரே டிஸ்க்கில். எட்டானாலும் நான்கானாலும் வெட்டு அவர்மேல் விழ வழியே இல்லை. சரியான கோப்பிலும் தகப்பன் காத்தான், கோப்பெங் என்றே இருந்தது.

அப்படியானால்? அதற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். அது காத்தானின் சொந்த மகள். சரிதான், பழைய கார்டைத் துளையிட்டபோது கோலை இறக்காமல் மேல்வரித் தகப்பனையே கீழே இருந்தவருக்கும் போட்டிருக்கலாம். துளையிட்டது யார்? கார்டுப் பெட்டியின் மேல் என் கையெழுத்து! இல்லையென்றால் கிராணி பதிவேட்டிலேயே சோம்பலாக மேலே உள்ளதே கீழேயும் என்று கோடு இழுத்திருக்கலாம். இல்லையென்றால்... இல்லையென்றால் பைப்படியில் பேசியதுதான் உண்மையாக இருக்கலாம். பதிவேட்டைத் தேடித் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினோம். அலுவலகக் கொட்டகையோடு கறையான் தின்று மண்ணாகியிருந்தது. அப்பனே முருகா, மூன்று வழியில் இது நடந்திருக்கலாம், அதில் ஒன்று நான்!

"சார், ராமையான்னு மாத்திக் குடுத்துடுவோம். நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். அவர் நோட்டை மூடிவிட்டுப் பேசி அன்றுதான் பார்த்தேன். "மணி, பதிவில என்ன கிடக்கோ அதைத்தான் நான் எழுதுவன். உமக்குத் தெரிஞ்சதை எழுதேலாது. உமக்கு என்ன தெரியும்? இன்னொண்டும் யோசியும். காத்தான் இங்க பிறந்த ஆள். ராமையா கப்பல்ல வந்தவர். எந்தப் பேருக்கு அந்தப் பிள்ளைக்கு நீலக் கார்டு கிடைக்கும்?"

எனக்கு அது உறைக்கவே இல்லை அதுவரை. காத்தான் மகள் என்றால் நீலக் கார்டு, மலிவு வீடு. ராமையா மகள் என்றால் சிவப்புக் கார்டு, லயம் இடிந்ததும் தெரு.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அவர்கள் லயத்துக்குப் போனேன். பாதி லயங்கள் காலியாகிக் கிடந்தன. அஞ்சலை நாற்காலி போட்டார். ராமையா சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய ஒல்லி மனிதர், காது நன்றாகக் கேட்கும். நான் எதையும் மறைக்கவில்லை. எட்டு, நான்கு, கார்டு, கோல், கிராணி, கறையான், எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பெயருக்கு வீடு, எந்தப் பெயருக்கு இல்லை என்பதையும் சொன்னேன்.

"அன்னிக்கு மெசின் கோளாறுன்னு சொன்னீங்களேண்ணே" என்றார் அஞ்சலை.

"பாக்காம சொல்லிட்டேன்க்கா."

"அப்ப யாருதான்?"

"தெரியலக்கா. சத்தியமா எனக்குத் தெரியல."

அவர் தகப்பனைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். சொல்வாரென்று காத்திருந்தேன். அவர் வெற்றிலைப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வூடு எத்தினி அறையாம் தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு அறைங்க."

"ஒண்ணுல நான் படுத்துக்குவேன்" என்றார் மகளிடம். "இருக்கறபடியே குடும்மா."

அஞ்சலை கத்தினார். "நீ என்னாப்பா பேசற? ஊரு பேசறது நெசம்னு நானே எழுதிக் குடுக்கவா?" நெடுநேரம் கத்தினார். ராமையா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். உண்மை தெரியாமல் அப்படிச் சொன்னாரா, தெரிந்தும் மகளுக்காக விழுங்கிவிட்டாரா? எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. எனக்கென்ன உரிமை?

பழைய கடிதமே போதும் என்று முடிவானது. கனகரத்தினம் அதில் புதிதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அஞ்சலையின் பழைய சிவப்புக் கார்டில் தகப்பன் பெயரே கிடையாது. அந்தக் காலத்தில் பல பேருக்கு அப்படி. அதனால் சிக்கல் எழவில்லை. சில மாதங்களில் கார்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லித் தகவல் வந்தது. ஆபீஸ் என்றால் அவருக்குப் பயம், துணைக்கு வாங்கண்ணே என்றார். மறுக்க எனக்கு முகமில்லை. அரை நாள் லீவு போட்டுப் போனேன். ராமையாவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் அதிகம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள்.

"அஞ்சலை, அனாக் பெரும்புவான் காத்தான்."

காத்தானின் மகள் அஞ்சலை. யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள், சத்தமாக. அஞ்சலை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் கால் எழவில்லையா? நான் அவரைத் தொட்டு எழுப்பியிருக்க வேண்டும். எந்த வாயால் சொல்வேன், அது நீங்கதான் என்று?

ராமையா முழங்கையால் அவரை மெல்ல இடித்தார்.

"எந்திரிம்மா. ஒன்னத்தான் கூப்புடறாங்க."

அஞ்சலை எழுந்து போனார். கிழவரும் பின்னாலேயே போய் நின்றார். கார்டை நீட்டிய பெண் அவரைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்து, "இனி பாப்பா கா?" என்று கேட்டாள். அப்பாவா என்று.

அஞ்சலை வாயைத் திறந்தார். அதற்குள் ராமையா தலையை ஆட்டிவிட்டார்.

"புக்கான், சிக். ஜிரான்" என்றார். இல்லைம்மா, பக்கத்து வீடு.